மேப்பூ போட்ட சிவப்புத் துணி

வாசற்படியில் நின்று இசபெல் இரண்டு பாக்கெட்டுகளையும் வெளியே இழுத்து உதறுகிறாள். பிறகு சால்வை. பிறகு தொப்பி. கடைசியாகக் காலணியின் அடி. ஒன்றும் விழுவதில்லை. மழையானாலும் பனியானாலும், கிளாஸ்கோவிலிருந்து மாலை ரயிலில் வந்து இறங்கியவள் இதைச் செய்யாமல் வீட்டுக்குள் கால் வைப்பது கிடையாது. "என்னடி, கோழிக்குத் தீனி போடறியா?" என்று எதிர்வீட்டுக்காரி ஒருநாள் கேலி செய்தாள். காரணம் தெரிந்த பிறகு அவளும் வாயை மூடிக்கொண்டாள்.

இசபெலுக்கு வயது இருபத்திரண்டு. கிளாஸ்கோ ஓவியப் பள்ளியில் துணிக்குப் பூப்போடப் படிக்கிறாள். அப்பா லெவன் ஆற்றங்கரைப் பட்டறையில் சாயக்காரர், போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா மொராக் அதே பட்டறையில் துணி மடிக்கிறவள். ரயிலில் இசபெல் யார் முகத்தையும் பார்ப்பதில்லை, பாவாடையைத்தான் பார்ப்பாள். பூ எங்கே முடிந்து எங்கே மறுபடி தொடங்குகிறது என்று தேடுவாள். "அந்தம்மா முட்டிக்கு மேல பாரு, கொடி ஒடிஞ்சு போய் ஒட்டியிருக்கு" என்று பக்கத்தில் இருப்பவர் காதில் சொல்லிவிட்டு ஓட்ஸ் ரொட்டியைக் கடிப்பாள். பென்சில் எப்போதும் கொண்டையில்.

பெருமைக்குச் சொல்வதல்ல, கையெழுத்துப் போடத் தெரியாமல் பட்டறைக்குள் நுழைந்து, நாற்பது தொட்டிக்கு மேஸ்திரியானவன் நான், நான் சொல்வதை நம்பலாம். படித்து வந்த ஓவியர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்குத் துணி தெரியாது, காகிதம்தான் தெரியும். சிவப்புத் துணியில் வெள்ளைப் பூ எப்படி வருகிறது என்று கேட்டால் வெள்ளைச் சாயம் என்பார்கள். வெள்ளைக்குச் சாயம் ஏது? எண்ணெயும் சாணியும் ஊட்டி மூன்று வாரம் ஏற்றிய சிவப்பை அமிலம் வைத்து அரித்துத் தின்னவிட வேண்டும். தின்ற இடம்தான் பூ. இசபெலுக்கு இது பால்குடிக்கும் வயதிலேயே தெரியும்.

போன வருஷம் மே மாதம், பள்ளியில் செடியைப் பார்த்து வரைந்துவரச் சொன்னார்கள். அவள் தேர்ந்தெடுத்தது வேலியோர முள்மரத்தில் மே மாதம் வெள்ளையாகப் பூக்கும் மேப்பூ. அந்தப் பூவை எங்கள் பக்கத்தில் யாரும் வீட்டுக்குள் கொண்டுவர மாட்டார்கள். வந்தால் வீட்டில் ஒரு சாவு விழும். வெளியே நின்றுதான் வரைந்தாள். மழை பிடித்துக்கொண்டது. கிளையை ஒடித்துச் சால்வைக்குள் வைத்து உள்ளே கொண்டுவந்துவிட்டாள். ஒரு மணி நேரம்தானே, அம்மா பட்டறையிலிருந்து திரும்புவதற்குள் எறிந்துவிடலாம் என்ற நினைப்பு.

அடுப்படிச் சுவரைக் குடைந்து போட்ட கட்டிலில் அக்கா கிர்ஸ்டி படுத்திருந்தாள். காசநோய். கோடையைப் பார்க்க மாட்டாள் என்று டாக்டர் ஜனவரிக் குளிரிலேயே சொல்லிவிட்டார்.

"அம்மா வந்துடுவாங்க, எடுத்துடறேன்க்கா."

"இருக்கட்டும்டி. ஏழு மாசமா இந்தச் சுவரைத்தானே பாத்துக்கிட்டு இருக்கேன்."

வரைந்து முடித்ததும் இசபெல் கிளையை வெளியே எறிந்தாள். கிர்ஸ்டி ஒரு கொத்தைக் கிள்ளித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டது அவளுக்குத் தெரியாது. பதினோராம் நாள் கிர்ஸ்டி போய்விட்டாள். படுக்கையைச் சுருட்டும்போது காய்ந்த கொத்து மொராக்கின் கையில் கிடைத்தது.

"கொண்டு வந்தது நீயா?"

"ஆமாம்மா."

அவ்வளவுதான் பேச்சு. அன்றிலிருந்து மொராக் மகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கஞ்சிக் கிண்ணத்தை வைத்துக் கரண்டியால் மேசையைத் தட்டுவாள். சாப்பாடு என்று அர்த்தம்.

இசபெல் அந்தப் பூவை விடவில்லை. சிவப்புத் தரையில் வெள்ளைக் கொத்துகள், நடுவே கறுப்பு முள். எங்கே சேர்கிறது என்று எந்தக் கண்ணாலும் கண்டுபிடிக்க முடியாத வேலை. இந்த வருஷம் ஜனவரியில் அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு பட்டறையின் வரைகூடத்துக்குப் போனாள். அங்கே சாயக்காரன் வீட்டுப் பெண் எவளும் அதுவரை உட்கார்ந்ததில்லை. தலைமை ஓவியர் டூகல்ட் கண்ணாடியை ஏற்றி இறக்கி நெடுநேரம் பார்த்தார்.

"வேலை சுத்தம். ஆனா இந்த ஊர்ல எவ இதை ஜன்னல்ல தொங்கவிடுவா? இதுக்கும் அஞ்சு இதழ், காட்டு ரோஜாவுக்கும் அஞ்சு இதழ். இலையை மட்டும் மாத்து பொண்ணே, ஒரு மத்தியான வேலை. மடிக்கப்போறது உங்கம்மா, அதையும் நெனச்சுக்கோ."

"மாத்தினா, அக்காவக் கொன்னது நான்தான்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும் சார்."

"மாத்தலைன்னா?"

"அம்மா இனிமே என்கிட்ட பேசவே மாட்டாங்க."

டூகல்ட் காகிதத்தைத் திருப்பிப் போட்டு, முதுகில் 'ரங்கூன்' என்று எழுதினார். "கப்பல் ஏறிப் போகட்டும். அங்க இந்த மரமும் கிடையாது, பயமும் கிடையாது. படிப்பு முடிஞ்சதும் வந்து சேரு."

செப்பு உருளையில் பூவை வெட்டி முடிக்க மூன்று மாதம் ஆனது. போன வியாழக்கிழமை முதல் நாற்பது துண்டும் மடிப்புக் கொட்டகைக்கு வந்தன. மடிக்க இரண்டு பேர் வேண்டும், முனைக்கு ஒருத்தி. பூவைப் பார்த்ததும் பெண்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள்.

"ஒருத்தியாவது பிடிங்கடி" என்றாள் மொராக். "செத்தது எம் பொண்ணு. பயந்தா நான்தான் பயப்படணும்."

யாரும் வரவில்லை. ஒரு முனையைத் தூணில் அடித்திருந்த ஆணியில் மாட்டி, நாற்பதையும் தனியாகவே மடித்தாள்.

அன்று மாலை இசபெல் படியில் நின்று பாக்கெட்டை உதறிக்கொண்டிருந்தபோது மொராக் தெருவில் வந்தாள். உள்ளே போகவில்லை. படிக்குக் கீழேயே நின்று ஏப்ரனை அவிழ்த்தாள். சிவப்புப் பஞ்சு அதில் அப்பியிருந்தது. ஒரு முனையைத் தன் கையில் வைத்துக்கொண்டு கொட்டகையில் மடிக்க நீட்டுவதுபோல மறுமுனையை மகள் பக்கம் நீட்டினாள்.

வெளியே தொங்கிய பாக்கெட்டுகளை உள்ளே தள்ளாமலே, இசபெல் அதைப் பிடித்துக்கொண்டாள்.