ரெட்டைக்கோடு அக்கா

விசைப்பலகையில் கை வைக்கும் முன்னால், அக்கா மேசை விளிம்பில் ஆள்காட்டி விரலால் சாய்வாக ஒரு கோடு இழுக்கிறார். உதடு அசைகிறது. இன்னொரு கோடு, மறுபடி உதடு. நான்கைந்து கோடு ஆனதும் தலையாட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரே மூச்சில் தட்டி முடிக்கிறார். இடையில் யாராவது "அக்கா, ஒரு நிமிஷம்" என்று வந்தால் இடது கை மட்டும் உயரும். வந்தவர் பெரிய டாக்டராக இருந்தாலும் நிற்க வேண்டியதுதான்.

"பாதியில கூப்பிட்டா எந்தப் படியில நின்னேன்னு மறந்துபோயிடும். திரும்ப மேலருந்து இறங்கணும்" என்பார்.

எங்கள் மருத்துவமனையின் இரண்டாவது மாடியில், சலவைத் துணி ஏற்றும் லிஃப்டை ஒட்டியிருக்கிறது பதிவேட்டு அறை. அங்கே அவருக்கு எதிர் மேசை எனக்கு. மறு பரிசோதனைக்கு வருகிறவர்களுக்கு நாள் குறித்துத் தருவது என் வேலை. பதினொரு வருடமாக அந்த விரலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அவருடைய வேலையைச் சொல்ல வேண்டும். இங்கே ஒரு தடவை வந்து போனவருக்கும் கணினியில் ஒரு பதிவு உண்டு. "பெட்டிக்குள்ள பெட்டி, அவ்வளவுதான்" என்பது அக்காவின் விளக்கம். நோயாளி ஒரு பெட்டி. அதற்குள் அவர் வந்து சேர்ந்த ஒவ்வொரு தடவையும் அனுமதி என்று ஒரு பெட்டி. அதற்குள் அறுவை, அறுவைக்குள் பொருத்திய கருவி, கருவிக்குள் அது தயாரான தொகுதியின் எண். லட்சக்கணக்கான பெட்டிகளில் வேண்டியது எங்கே இருக்கிறது என்று கணினிக்கு வழி சொல்ல வேண்டும். அதை ஒற்றை வரியில் எழுதுகிறார்கள்: நோயாளி, ஒரு சாய்கோடு, அனுமதி, ஒரு சாய்கோடு, அறுவை, ஒரு சாய்கோடு, கருவி. ஒரு கோட்டுக்கு ஒரு படி இறங்கும். இரண்டு கோடு சேர்த்துப் போட்டால், எத்தனை பெட்டிக்கு அடியில் கிடந்தாலும் தோண்டி எடுத்துவரும். நிபந்தனை ஏதாவது இருந்தால் சதுர அடைப்புக்குள் எழுத வேண்டும். இந்த வரியைத்தான் அக்கா எழுதுகிறார். அதனால்தான் அவருக்கு ரெட்டைக்கோடு என்று பெயர். இதயப் பிரிவிலிருந்து போன் செய்கிறவர்கள்கூட "ரெட்டைக்கோடு இருக்காங்களா?" என்றுதான் கேட்கிறார்கள். அவரும் "இருக்கேன், சொல்லுங்க" என்கிறார்.

பேச்சும் அப்படியே ஆகிவிட்டது. ஒரு நாள் அவர் மாமியார் போன் செய்து மூக்குக்கண்ணாடியைக் காணோம் என்றார்.

"உங்க ரூம், அலமாரி, ரெண்டாவது தட்டு, நீல டப்பா, அதுக்குள்ள."

"டப்பாவுலன்னு சொன்னா பத்தாதாம்மா?"

"வீட்ல நாலு டப்பா இருக்கு அத்தை."

அக்காவின் கணவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். மாதம் ஒரு முறை எங்கள் கட்டடத்துக்கும் வருவார். "இவகிட்ட உப்பு எங்கன்னு கேட்டா வாசப்படியிலருந்து ஆரம்பிப்பா" என்று எல்லோர் முன்னாலும் கிண்டல் செய்வார். "ஆனா ஒரு தடவைகூட உப்பு வேற இடத்துல இருந்ததில்லை" என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டுத்தான் கருவிப் பையைத் தூக்குவார்.

அக்கா இதற்கென்று படித்தவர் இல்லை. பத்தொன்பது வயதில் வார்டு மேசையில் தட்டச்சராகச் சேர்ந்தவர். பதிவுகள் கணினிக்கு மாறியபோது பொறியாளர்களுக்கு இரண்டு நாள் வகுப்பு நடந்தது. வருகைத் தாளில் கையெழுத்து வாங்குவதற்காக அக்காவை அனுப்பினார்கள். கையெழுத்து வாங்கி முடித்தபிறகும் அவர் வெளியே வரவில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டார். மிஞ்சிய பாடக் குறிப்பு ஒன்றைக் கேட்டு வாங்கி, ஆறு மாதம் மதிய இடைவேளையில் ஒரு கையில் சாப்பாடும் மறு கையில் அதுவுமாக இருந்தார். "முதல்ல ஒண்ணுமே புரியல. அப்புறம் பார்த்தா, நான் இத்தனை வருஷமா தட்டின பெட்டிங்கதான். எனக்கு எல்லாரையும் தெரியும்."

போன வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, இதயத்துக்குத் துடிப்புக் கொடுக்கும் கருவி செய்கிற நிறுவனம் ஒன்றிலிருந்து அறிவிப்பு வந்தது. ஒரு குறிப்பிட்ட தொகுதியில் பேட்டரி கெட்டுப்போக வாய்ப்பிருக்கிறது, அறிகுறி எதுவும் இல்லாமலே நின்றுவிடலாம், பொருத்தியவர்களை உடனே அழைத்துப் பரிசோதியுங்கள் என்று. எங்கள் மருத்துவமனைக் குழுமத்தின் தலைமை அலுவலகப் பொறியாளர் பத்து நிமிடத்தில் வரி எழுதிப் பட்டியல் அனுப்பிவிட்டார். முப்பத்தெட்டுப் பேர். ஒவ்வொருவரையும் அழைக்க வேண்டிய வேலை என் மேசைக்கு வந்தது.

அக்கா என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். "அவர் எழுதின வரியை அனுப்பச் சொல்லேன்" என்றார். வந்தது. பார்த்தார். விரல் மேசையில் கோடு இழுத்தது. தன் கணினியில் இரண்டு தடவை தட்டிப் பார்த்தார். பிறகு மருத்துவ இயக்குநரின் அறைக்கு நேரே போனார். நானும் பட்டியலை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

"மேடம், முப்பத்தெட்டு இல்ல. இன்னும் இருக்காங்க."

இயக்குநர் பொறியாளரைப் போனில் பிடித்து, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார்.

"தம்பி, அறுவைக்கும் கருவிக்கும் நடுவுல ஒத்தைக்கோடு போட்டிருக்கீங்க" என்றார் அக்கா. "சில பேருக்குக் காயத்துல சீழ் வச்சு, கருவியை எடுத்துச் சுத்தம் பண்ணி, மறுபடி பொருத்தியிருப்பாங்க. அப்ப டாக்டருங்க புதுசா அறுவைன்னு திறக்க மாட்டாங்க. பழைய அறுவைக்குள்ளயே மறு அறுவைன்னு ஒரு பெட்டி திறப்பாங்க. கருவி அதுக்குள்ள போயிடும். உங்க வரி அது வரைக்கும் இறங்காது."

"மேடம், ரெட்டைக்கோடு போட்டா வேண்டாததும் வருமே."

"வரும். போட்டுப் பார்த்தேன், நாப்பத்தேழு வருது. ஆறு பேருக்கு அந்தக் கருவியை எடுத்தாச்சு, அகற்றியவைங்கற பெட்டியில சும்மா கிடக்கு. அந்தப் பெட்டிக்குள்ள இருக்கறதை விட்டுடுன்னு அடைப்புல எழுதினா நாப்பத்தொண்ணு."

மறுமுனையில் தட்டுகிற சத்தம் கேட்டது. இயக்குநர் பேனாவை மூடித் திறந்து மூடினார். தலைமை அலுவலகத்தை மறுத்துப் பேசியவர்கள் எங்கள் மாடியில் அதுவரை யாரும் இல்லை.

"நாற்பத்தொண்ணுதான், மேடம்" என்றது போன். "மறு அறுவைன்னு ஒரு பெட்டி இருக்கறதே எனக்குத் தெரியாது."

"உங்களுக்கு எப்படித் தெரியும், தம்பி. அதைத் தட்டினது நான்தானே."

விடுபட்ட மூவரில் இருவர் முதல் அழைப்பிலேயே கிடைத்து, மதியத்துக்குள் வந்து சேர்ந்தார்கள். மூன்றாமவர் ஒரு நீச்சல் ஆசிரியர். பதிவில் இருந்த எண் செத்துப்போயிருந்தது. முகவரியில் வேறு யாரோ குடியிருந்தார்கள். ஒன்றரை வருடமாக மறு பரிசோதனைக்கும் வரவில்லை. இனி கடிதம்தான் போட வேண்டும் என்றேன்.

"இரு" என்றார் அக்கா. "உன் திரையில முதல் போன் நம்பர்தான் தெரியும். மத்த நேரம் வேற எதுக்காவது வந்திருப்பாரு."

இந்தத் தடவை விரல் மேல்நோக்கிப் போனது. கருவியிலிருந்து இரண்டு புள்ளி, ஒரு படி மேலே. இன்னும் இரண்டு புள்ளி, இன்னொரு படி. அந்த மனிதரின் பெட்டி வரை ஏறி, அங்கிருந்து ரெட்டைக்கோடு போட்டு இறங்கினார்: இவருக்குள் எங்கே இருந்தாலும் சரி, தொலைபேசி எண் அத்தனையும் கொண்டுவா. மூன்று எண்கள் வந்தன. இரண்டு பழையவை. மூன்றாவது, நான்கு மாதத்துக்கு முன்னால் கண் பிரிவுக்கு வந்தபோது, உடன் வந்தவர் என்ற பெட்டியில் யாரோ பொறுமையாகத் தட்டி வைத்தது.

போன் எடுத்தது மனைவி. "இப்ப கிளாஸ்ல இருப்பாரு. தண்ணில இறங்கிட்டா போன் எடுக்க மாட்டாருங்க" என்றார். "தண்ணியிலயா?" என்றேன். அக்கா ரிசீவரை வாங்கினார்.

"பயப்படாதீங்கம்மா. ஒரு சின்னப் பரிசோதனைதான். ஆனா அவர் இப்பவே தண்ணியை விட்டு வெளிய வரணும். குளத்து ஆபீஸ் நம்பர் சொல்லுங்க."

பதினைந்து நிமிடம் கழித்து, ஈரத் தலையோடு டாக்ஸியில் ஏறிவிட்டதாகத் தகவல் வந்தது. கீழே பரிசோதித்த மருத்துவர், முடிவை இயக்குநருக்குச் சொன்ன கையோடு எங்கள் அறைக்கும் போன் செய்தார். பேட்டரி ஏறக்குறைய முடிந்திருந்தது. அன்று மாலைக்குள் மாற்றிவிட்டார்கள். அக்கா போனை வைத்துவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். கண் சிவந்திருந்தது.

பொறியாளர் அடுத்த வாரம் நேரில் வந்தார். இந்தக் குழுமத்தின் எல்லா மருத்துவமனைகளும் இனி அக்காவின் வரியைத்தான் பயன்படுத்தப் போகின்றன. வரிக்கு மேலே எழுதியவர் பெயர் போட வேண்டும் என்றார். "மேடம், உங்க பதவி என்னன்னு போடறது?"

"எழுத்தர்னு போடுங்க."

"வெறும் எழுத்தர்னா..."

"நான்தானே தம்பி எழுதினேன்."

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த நிமிர்வை நான் வீட்டில் போய் நடித்துக் காட்டினேன். இரண்டு தடவை.

நேற்று அந்த நீச்சல் ஆசிரியர் மாடியேறி வந்தார். அகன்ற தோள், கூச்சமான குரல். "என்னைத் தேடிக் கண்டுபிடிச்சவங்க இங்க இருக்காங்கன்னு சொன்னாங்க" என்று பொதுவாகக் கேட்டார். நான் கை காட்டினேன். அக்கா எழுந்து நின்றார்.

"எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?" என்றார் அவர்.

அன்று அவரைத் தேடி எழுதிய வரியை அக்கா திரையில் கொண்டுவந்தார். கைக்குட்டையை எடுத்துத் திரையின் தூசியை மூலைவரை துடைத்தார். பிறகு பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு, திரையை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தார்.