மாமா விசாரித்த இரண்டு பேராசிரியர்கள்

போன வாரம் காயல்பட்டினத்தில் லாத்தா வீட்டு அடுப்பில் வட்டிலப்பம் வெந்துகொண்டிருந்தது. முட்டையும் தேங்காய்ப்பாலும் ஏலக்காயும் சேர்ந்து ஆவியில் வேகும் அந்த வாசனை வந்துவிட்டால் எனக்கு வேறு வேலை ஓடாது. அந்த நேரம் பார்த்து லாத்தா மகள், அதாவது என் அக்கா பெண், மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். இயற்பியலில் ஆராய்ச்சிப் படிப்புக்கு அவளுக்கு நாலு இடத்தில் அனுமதி கிடைத்திருக்கிறது. நாலையும் கட்டம் போட்டுப் பிரித்து, தரவரிசை, உதவித்தொகை, ஹாஸ்டல் என்று மார்க்கெல்லாம் போட்டு வைத்திருந்தாள்.

“நீங்க எப்படி சாச்சி செலக்ட் பண்ணுனிய?”

“மாமா போயி மாப்பிள்ள விசாரிக்க மாதிரி விசாரிச்சாங்க ளா” என்றேன். அவள் நான் விளையாடுகிறேன் என்று நினைத்தாள். நிஜமாகவே அப்படித்தான் நடந்தது. வட்டிலப்பம் ஆறும்வரை அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

நான் எடுத்தது குளிர்நிலை இயற்பியல். காயல்பட்டினத்து வெயிலில் வளர்ந்தவளுக்கு இது என்ன ஆசை என்று கேட்பீர்கள். அதுவரை எனக்குத் தெரிந்த குளிர் என்றால் தூத்துக்குடி திரேஸ்புரத்தில் மீன்பெட்டியில் தட்டிக் கொட்டுகிற ஐஸ்தான். கல்லூரிக்குப் போகிற வழியில் அந்த மீன் ஐஸ் லாரி எங்கள் பஸ்ஸுக்கு முன்னால் சொட்டிக்கொண்டே போகும். பஸ்ஸே மூக்கைப் பொத்தும். நான் மட்டும் ஜன்னலில் முகத்தை வைத்து அந்தச் சில்லென்ற காற்றை வாங்குவேன். எம்.எஸ்சி. இரண்டாம் வருடத்தில் பாடப் புத்தகத்தில் திரவ ஹீலியம் வந்தபோது, இதை விட்டால் வேறில்லை என்று மனசு விழுந்துவிட்டது.

அனுமதி வந்தது பெங்களூரில் இரண்டு நிறுவனங்களில். ஒன்றில் பெரிய பேராசிரியர். அவர் பெயரைச் சொன்னால் எங்கள் துறைத்தலைவரே எழுந்து நிற்பார். இன்னொன்றில் புதிதாகச் சேர்ந்த ஒரு மலையாளி. அவருக்கு ஆய்வகமே இனிமேல்தான் வரவேண்டும். பத்து நாளில் பதில் சொல்லவேண்டும். ஐந்தாறு வருடத்தை யாரிடம் கொடுப்பது என்பதுதான் கேள்வி.

வீட்டில் கேள்வி வேறாக இருந்தது. எங்கள் ஊரில் பெண் வீட்டை விட்டுப் போவதில்லை. கல்யாணம் ஆனால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வாப்பாமார் கொழும்புக்கும் துபாய்க்கும் போவார்கள், வருவார்கள். வீடும் பெண்களும் இருந்த இடத்தில் இருப்பார்கள். இதில் நான் பெட்டி கட்டுகிறேன் என்றால்? உம்மா இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் பேசியதும் என்னோடு இல்லை, போனில் மாமாவோடு.

“காக்கா, பெங்களூர்ல ரெண்டு பேரு இருக்காங்களாம். யாரு எவருன்னு விசாரிங்க. பிள்ளைய அனுப்பணும்லா.”

மாமா என்றால் உம்மாவின் அண்ணன்; எங்கள் பேச்சில் அண்ணன்தான் காக்கா. பெங்களூரில் கைப்பைக் கடை வைத்திருந்தார். எங்கள் குடும்பத்தில் எந்தப் பெண்ணுக்கு வரன் வந்தாலும் விசாரிக்கிற வேலை அவருக்குத்தான். மாப்பிள்ளை வீட்டுக்கு நேரே போகமாட்டார். பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்து ஊர்ப் பேச்சில் ஆரம்பித்து, ஆளின் பல் தேய்க்கும் பழக்கம் வரை கறந்துவிடுவார். அவருக்குத் தெரிந்த விசாரணை அது ஒன்றுதான். அதையே இங்கேயும் செய்தார்.

இளம் பேராசிரியரின் நிறுவன வாசல் டீக்கடையில் போய், “ஆளு எப்படி? கோவம் வருமா? சிகரெட் உண்டா? உம்மா வாப்பா கூட இருக்காங்களா?” என்று ஆரம்பித்திருக்கிறார். டீக்கடைக்காரர் காவலாளியிடம் சொல்ல, காவலாளி ஆய்வக உதவியாளரிடம் சொல்ல, மதியத்துக்குள் துறை முழுக்க விஷயம் பரவிவிட்டது. சாருக்குச் சம்பந்தம் பேச ஆள் வந்திருக்கிறது! பேராசிரியரே அடித்துப் பிடித்து டீக்கடைக்கு வந்துவிட்டார்.

“ஐயா, எனக்குக் கல்யாணம் ஆயி ரெண்டு குழந்தை உண்டு” என்றிருக்கிறார்.

“அதனால என்ன? நாங்க கேக்கது பி.எச்.டி.க்கு” என்றிருக்கிறார் மாமா.

மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாராம். டீ வாங்கிக் கொடுத்து, உள்ளே கூட்டிப்போய், திரவ நைட்ரஜனில் ஒரு வாழைப்பழத்தை முக்கி மேசையில் தட்டிக் காட்டியிருக்கிறார். “மரக்கட்ட மாதிரி சத்தம் கேக்கு ளா!” என்று மாமா போனில் கத்தினார். அவ்வளவு ரசித்தவர் தீர்ப்பை மட்டும் மாற்றிச் சொன்னார்.

“இந்தச் சம்பந்தம் வேண்டாம். மெஷினு இன்னும் பெட்டிக்குள்ள கெடக்கு. பெரியவரு எடத்துக்கும் போனேன். அதுல்லா எடம்! அவரு உள்ள வந்தா ஒரு பய மூச்சு விட மாட்டுக்கான். எல்லாம் எந்திரிச்சு நிக்கி. மரியாதன்னா மரியாத. இங்கன என்னன்னா, ஒரு பொட்டப்பிள்ள அவரு முகத்துக்கு நேரா ‘சார், நீங்க எழுதுனது தப்பு’ங்கா. அவரு சிரிச்சுக்கிட்டே போர்ட அழிக்காரு! இவரு எங்கன உருப்பட?”

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த நான் போன் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன். அதுவரை பெரியவர்தான் என்று தீர்மானமாக இருந்தேன். எழுந்து நின்றே பழகிய பிள்ளை நான். சந்தேகம் கேட்கவே கை தூக்கப் பயந்து பதினேழு வருடம் படித்துவிட்டேன். தப்பு என்று சொல்லலாம், சொன்னால் அழிப்பார்கள், அப்படி ஓர் இடம் பூமியில் இருக்கிறது என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

உம்மா போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். விசாரணை முடிந்தால் எங்கள் வீட்டில் பெண்ணிடம் ஒரே கேள்விதான் கேட்பார்கள். லாத்தாவிடம் கேட்ட அதே குரலில் என்னிடமும் கேட்டார்.

“ஒனக்கு யார ளா பிடிச்சிருக்கு?”

“போர்டு அழிக்கவர.”

உம்மா “சரி. நீ எங்கன போனாலும் இந்த வீடு ஒனக்கும் உள்ளதுதான்” என்றார். சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். நான் அழுதேன், சந்தோஷத்தில்தான்.

மாமா ஒரு வாரம் முறுக்கிக்கொண்டிருந்தார். பிறகு பெங்களூர் ரயிலடியில் என்னைக் கூட்டிப்போக ஒரு புதுக் கைப்பையோடு வந்து நின்றதும் அவர்தான். அவர் சொன்னதில் தப்பும் இல்லை. மெஷின் பெட்டியைப் பிரிக்கவே ஒரு வருடம் ஆனது. நான் இயற்பியல் படித்ததைவிட ஸ்பானர் பிடித்ததுதான் அதிகம். இரண்டாம் வருடத்தில் ஒருநாள், “சார், அந்த வரி தப்பு” என்றேன். அவர் திரும்பிப் பார்த்துவிட்டு, டஸ்டரைத் தேடினார்.

கதை முடிந்தபோது வட்டிலப்பம் ஆறியிருந்தது. லாத்தா மகள் தன் கட்டத்தில் போர்டு அழிப்பதற்கும் ஒரு வரிசை சேர்க்கலாமா என்று கேட்டாள். சேர்க்கலாம், மார்க் யார் போடுவது? மாமா மவுத்தாகி அடக்கமும் ஆகிவிட்டார். சாலையை அகலமாக்கியபோது அந்த டீக்கடையும் போய்விட்டது. இப்போதெல்லாம் வாசலிலேயே போட்டோ எடுத்து, யாரைப் பார்க்க என்று கேட்டு, அட்டை மாட்டித்தான் உள்ளே விடுகிறார்கள்.

நானும் பேராசிரியராகி வருடங்கள் ஆகிவிட்டன. பிள்ளைகள் என் இணையப் பக்கத்தைப் பார்த்துவிட்டு வந்து சேருகிறார்கள். வருடாவருடம் சேர்க்கை சமயத்தில் எங்கள் நிறுவன வாசலைத் தாண்டும்போது என் நடை கொஞ்சம் தானாகவே மெதுவாகும். கோவம் வருமா, ஆளு எப்படி என்று என்னைப் பற்றி விசாரிக்க இன்றுவரை ஒரு மாமாவும் வரவில்லை.