ஆறு மணி பேட்ச்

கணபதியில் நான் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்திய இடம் மாடியில். கீழே பிராந்திக் கடை. வாடகை ஏன் இவ்வளவு குறைவு என்பது போர்டு மாட்டிய மறுநாள்தான் எனக்குத் தெரிந்தது. மாடியேறும் பெண்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு படிக்கடியில் நிற்பதற்கென்றே சில ஆம்பிளைகள் பிறவி எடுத்திருந்தார்கள். அவர்களை விரட்டி விரட்டியே என் குரல் இப்படி ஆகிப்போனது. பொற்கொடி டீச்சருக்கு வாய் ஜாஸ்தி என்று தெருவில் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

ஆரோக்கியதாஸை நான் முதலில் பார்த்ததும் அந்தப் படிக்கடியில்தான். 1995 பிப்ரவரி. நாற்பது வயதைத் தாண்டிய ஆள், சட்டைக் காலரில் கரி, கையில் சைக்கிள். ஆறு மணியிலிருந்து ஏழு வரை அசையாமல் நின்றார். மூன்று நாள் பொறுத்தேன். நான்காம் நாள் இறங்கிப்போய், உங்களுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டுவிட்டேன்.

"என்ற பொண்ணு மேல படிக்குதுங்க. டீனான்னு பேரு. கூட்டிட்டுப் போலாம்னு நிக்கறேனுங்க" என்றார்.

டீனா என் ஆறு மணி பேட்ச். பிளஸ் டூ முடித்த பெண், சூட்டிகையானவள். அப்படியானால் வீட்டுக்குப் போய்விட்டு ஏழு மணிக்கு வரலாமே என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஊட்டுக்குப் போற வழியில நாலு கடை இருக்குதுங்க. இங்கன்னா ஒண்ணுதானுங்க."

எனக்கு ஒரு நிமிடம் விளங்கவில்லை. பிறகு அவர் கையைப் பார்த்தேன். மனிதர்களை நான் விரலை வைத்துத்தான் எடை போடுவேன், தொழில் அப்படி. சைக்கிள் ஹேண்டில்பாரை அந்த விரல்கள் விடாமல் பிடித்திருந்தன. பெல் மூடி மட்டும் லேசாகக் கிடுகிடுத்துக்கொண்டிருந்தது. எனக்குக் கோபம் போய்விட்டது. ஆனாலும் மேலே பெஞ்ச் கிடையாது, ஒவ்வொரு ஸ்டூலுக்கு முன்னாலும் ஒரு மெஷின் இருக்கிறது, உட்கார்ந்தால் அடிக்க வேண்டும் என்று கறாராகச் சொன்னேன். அடிக்கிறேன் என்று ஏறி வந்துவிட்டார்.

கதையைப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். அவர் அப்பா அவிநாசிப் பக்கம் ஒரு பண்ணையத்தில் ஆளாக இருந்தவர். நிலத்துக்காரரான பண்ணாடி எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ள மட்டுமே தெரிந்த வீடு. மகன் கோயமுத்தூருக்கு வந்து பவுண்டரியில் சேர்ந்தார். உருக்கிய இரும்பு நிறைந்த வாளியை நீளக் கம்பியில் மாட்டி, முன்னால் ஒருவர், பின்னால் ஒருவராகத் தூக்கிக்கொண்டு போய் மண் அச்சில் ஊற்றும் வேலை. இவர் முன்னால் பிடிப்பார். பின்னால் திருமலைசாமி, பொள்ளாச்சிப் பக்கம் தோட்டம் துரவு உள்ள குடும்பத்துக்காரர். அவர் ஊரில் இவர் போன்றவர்களுக்கு டீக்கடையில் தனி கிளாஸ். இங்கே வேலை முடிந்ததும் பிராந்திக் கடையில் இரண்டு பேருக்கும் ஒரே கிளாஸ். பதினோரு வருஷமாக அதே கிளாஸ். அதில் ஆரோக்கியதாஸுக்கு எவ்வளவு பெருமை என்பது அவர் அதைச் சொன்ன விதத்திலேயே தெரிந்தது.

தை மாதம் ஒரு நாள் வாளி தூக்கிக்கொண்டு போகும்போது ஆட்டம் கண்டு, இரும்பு சிந்தி, திருமலைசாமியின் செருப்பு பற்றிக்கொண்டது. காலுக்கு ஒன்றும் ஆகவில்லை. தரை வழுக்கிவிட்டது என்று இவர் சொன்னார், எல்லோரும் நம்பினார்கள். தரை வழுக்கவில்லை என்பது இவருக்குத் தெரியும். அன்றைக்கே பங்குச் சாமியாரிடம் போய் நின்றிருக்கிறார். சாமியார் கோயில் பள்ளிக்கூடத்து மூன்றாம் வகுப்பறையைக் காட்டினார். செவ்வாயும் வெள்ளியும் ஏழரை மணிக்குக் குடியை விட்டவர்கள் அங்கே கூடுவார்கள், சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து அவரவர் கதையைச் சொல்வார்கள். வரதராஜுலு என்று ஒரு பஸ் கண்டக்டர் அங்கே இவருக்குச் சிநேகமானார். குடிக்கிற ஆசையைவிட ஆறு மணிக்குச் சும்மா இருக்கிற கைதான் மோசம், அந்த நேரத்தில் எதையாவது திணித்துக்கொள், எதுவானாலும் சரி என்று அவர் சொல்லியிருக்கிறார். இவர் ரோஜாச் செடி வைத்துப் பார்த்தார். பக்கத்து வீட்டு டி.வி. பார்த்தார். மனைவி விமலாராணிக்கு ஒத்தாசையாக வெங்காயம் உரித்தார். அந்த அம்மாள் ஆஸ்பத்திரியில் ஆயா வேலை முடிந்து களைத்து வருகிறவர்; அரைக்கிலோ போதும் என்ற வீட்டில் மூன்று கிலோ உரித்துவைத்தால் என்ன செய்வார்? மகளை டைப்புக்குக் கூட்டிப்போங்கள் என்று அனுப்பிவிட்டார்.

இப்படித்தான் என் தலையில் வந்து விடிந்தது. தமிழ் மெஷின் என்னிடம் மூன்று, ஓரத்து மெஷினைக் கொடுத்தேன். முதல் பாடமான 'யளனகபக' அடிக்கச் சொன்னால் அச்சுப் பெட்டியில் மண் இடிக்கிற மாதிரி இடித்தார். புள்ளி விழ வேண்டிய இடத்தில் ஓட்டை விழுந்தது. நான்கு எழுத்துக் கம்பிகள் ஒன்றாக எழும்பிச் சிக்கிக்கொள்ளும். அவர் பயந்துபோய்க் கையை உயர்த்துவார். பெண்பிள்ளைகள் முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஒரு வாரத்தில் அவர்களே எழுந்து போய்க் கம்பியை விடுவித்துக் கொடுத்தார்கள். டீனாதான் சிரிக்காமல் இருந்தாள். அப்பா ஒரு வரி தப்பில்லாமல் அடித்தால் அவளுடைய மெஷின் கொஞ்சம் வேகமாக ஓடும். நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

மார்ச் பாதியில் அந்த விரல்களில் நடுக்கம் நின்றிருந்தது. முகத்தில் சதை போட்டது. ஏழு மணிக்குப் படியிறங்கும்போது அப்பாவும் மகளும் எதையோ பேசிச் சிரித்துக்கொண்டு போவார்கள். எனக்கு மனசு நிறைந்துபோகும். வாய்தான் ஜாஸ்தியே தவிர நானும் மனுஷிதான்.

ஆனால் அந்த மனிதர் ஒரு காரியம் செய்துவைத்திருந்தார். அதை வேறு ஊர்க்காரன் யாரும் செய்திருக்க மாட்டான்.

எங்கள் பக்கத்து மரியாதை அப்படி. முதலில் சொல்கிற 'வேண்டாங்க' மரியாதைக்கு. இரண்டாவது கூச்சத்துக்கு. மூன்றாவது சொல்வதற்குள் இலையில் விழுந்திருக்கும். தை கடைசியில் இவர் திருமலைசாமியிடம் மூன்று தடவை வேண்டாங்க என்று சொல்லியிருக்கிறார். மூன்றாவதுக்குக் கிளாஸ் கைக்கு வந்துவிட்டது, குடித்தும்விட்டார். அன்றிரவு அழுதாராம். மார்ச் முதல் தேதி சாம்பல் புதன், ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பு தொடங்கும் நாள். பூசை முடித்து நெற்றியில் சாம்பலோடு வேலைக்குப் போனார். திருமலைசாமி அதைப் பார்த்துவிட்டு, நோன்பா என்று கேட்டார். ஆமாங்க என்றார் இவர். அவ்வளவுதான், யாரும் வற்புறுத்தவில்லை. சாமி காரியம் என்றால் எங்கள் ஆட்கள் ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்வார்கள். திருமலைசாமி இவர் எதிரில் கறி தின்பதைக்கூட விட்டார்.

நோன்பு என்றைக்கு முடிகிறது என்றும் ஒரு நாள் கேட்டிருக்கிறார். இந்த மகராசன் ஈஸ்டர் ஞாயிறு, ஏப்ரல் பதினாறு என்று தேதி சொல்லிவிட்டார். பவுண்டரிக் காலண்டரில் அந்தத் தேதியைச் சிவப்புப் பென்சிலில் வட்டம் போட்டார்கள். குருத்தோலை ஞாயிறு முடிந்து வேலைக்குப் போனபோது, நாற்பது நாள் வைராக்கியமாக இருந்த மனுஷனுக்கு நல்ல சரக்காகத் தன் கையாலேயே வாங்கி வருவதாகவும், கூட ஒரு நாட்டுக்கோழியும் கொண்டுவந்து வீட்டிலேயே நோன்பு விடுவிப்பதாகவும் திருமலைசாமி அறிவித்துவிட்டார். ஒருத்தருக்கு மனசார மரியாதை செய்வதென்றால் அவருக்கு அப்படித்தான் செய்யத் தெரியும்.

பெரிய வெள்ளியும் சித்திரை முதல் தேதியும் அந்த வருஷம் ஒன்றாக வந்தன. மறுநாள் சனிக்கிழமை, ஆரோக்கியதாஸ் மெஷின் முன்னால் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தார். என்னவென்று கேட்டதற்கு முழுவதையும் சொன்னார்.

"மூஞ்சியப் பாத்து எனக்குச் சொல்ல வராதுங்க டீச்சர். வாய் பழகிப்போச்சு. கிளாஸ் போனா மனுசனும் போயிருவாருங்க."

மறுபடி குடித்தால் வாளி மறுபடி ஆடும், இந்தத் தடவை செருப்போடு போகாது. சொன்னால் பதினோரு வருஷச் சிநேகிதம் போகும். வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து மெஷினில் செருகிக் கொடுத்தேன். ஒரு மணி நேரம் அடித்தார்.

'திருமலைசாமி அண்ணனுக்கு. நான் நோன்பு இருக்கவில்லை. குடியை விட்டுவிட்டேன். நாளைக்கும் வேண்டாம். இனி எப்போதும் வேண்டாம். தை மாதம் தரை வழுக்கவில்லை. என் கை நடுங்கியது. உங்களோடு உட்கார எனக்கு ஆசை. கிளாஸ் மட்டும் வேண்டாம். ஆரோக்கியதாஸ்.'

நான்கு பிழைகள். மூன்று 'வேண்டாம்'களிலும் புள்ளி தாளைத் துளைத்திருந்தது. பிழை இருந்தால் திரும்ப அடிக்கவைப்பது என் சட்டம். அன்றைக்கு நான் அந்தச் சட்டத்தைப் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை டீனா சொன்னாள். திருமலைசாமி தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவி, சலவை வேட்டி கட்டி வந்திருக்கிறார். ஒரு கையில் காகிதத்தில் சுற்றிய பாட்டில், இன்னொன்றில் கோழி. அப்பா கடிதத்தை நீட்டினார். அவர் நின்றபடியே உதடு அசைத்துப் படித்தார். இரண்டாம் தடவையும் படித்தார். மடித்துப் பையில் வைத்தார். கோழியைக் கீழே வைத்துவிட்டு, பாட்டிலோடு போய்விட்டார். போயிட்டு வாரேன் என்றுகூடச் சொல்லவில்லையாம். எங்கள் ஊரில் அதைச் சொல்லாமல் ஒருத்தர் படியிறங்கினால் அதற்கு அர்த்தம் வேறு.

அந்த வாரம் முழுக்க இரண்டு பேரும் ஒரே வாளியைத் தூக்கினார்கள். டீக்குத் தனித்தனியாகப் போனார்கள். வியாழக்கிழமை ஆறு மணிக்கு டீனா மட்டும் மேலே வந்தாள். எட்டிப் பார்த்தேன். ஆரோக்கியதாஸ் முதல் படியில் நின்றிருந்தார், முகம் பிராந்திக் கடைப் பக்கம். கத்திக் கூப்பிட வாயெடுத்தேன். டீனா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் இறங்கிப்போய் அவருக்கு இரண்டு படி மேலே நின்றாள். பத்து நிமிடம் இருக்கும். பிறகு அவர் திரும்பி ஏறி வந்தார். அன்றைக்கு அவர் அடித்த பக்கத்தில் உருப்படியாக ஒரு வரிகூட இல்லை. நான் முழு மார்க் போட்டேன்.

அடுத்த திங்கட்கிழமை. ஆறேகாலுக்கு ஒரு ஆள் படியேறி வந்து வாசலில் நின்றார். ஐம்பதை நெருங்கும் வயது, கையில் மடித்த தாள். யாரென்று எனக்குத் தெரியாது. ஆரோக்கியதாஸ் ஸ்டூலை விட்டு எழுந்த வேகத்தில் தெரிந்துகொண்டேன். சண்டைக்கு வந்திருக்கிறார் என்றே நினைத்து, நானும் எழுந்து முன்னால் போய் நின்றேன். மெஷின்கள் எல்லாம் நின்றுவிட்டன.

"ஏனுங்க, இதை அடிச்சது இங்கதானுங்களா?"

இங்கேதான், அதற்கென்ன என்றேன். அவர் தாளைப் பிரித்து நீட்டினார். அது நிற்காமல் படபடத்தது. மின்விசிறிக் காற்று என்று நிமிர்ந்து பார்த்தேன், கரண்ட் போய் அரை மணி நேரமாகியிருந்தது. அப்போதுதான் அந்த விரல்களைப் பார்த்தேன்.

"இதே மாதிரி என்ற பேரு போட்டு ஒண்ணு அடிச்சுத் தருவீங்களா அம்மணி? ஊட்டுல குடுக்கோணும்."

எனக்குப் பேச்சு வரவில்லை. ஆயுசில் அப்படி ஆனது அந்த ஒரு தடவைதான். அவர் என்னைத் தாண்டி ஆரோக்கியதாஸைப் பார்த்தார்.

"அன்னிக்கு நடுங்குனது உன்ற கை மட்டும் இல்ல தாசு. பின்னால புடிச்சிருந்தவன் நானு. நீ தரை வழுக்குச்சுன்னே. நல்லதாப் போச்சுன்னு இருந்துபோட்டேன்."

ஆரோக்கியதாஸ் அழுதார். ஒளித்து மறைத்து அல்ல, பெண்பிள்ளைகள் எதிரிலேயே. எனக்குக் குரல் திரும்பியதும், என் இன்ஸ்டிட்யூட்டில் ஒருத்தருக்காக இன்னொருத்தர் அடித்துக் கொடுக்கிற வழக்கம் இல்லை, வேண்டுமானால் உட்கார்ந்து கற்றுக்கொள்ளலாம் என்றேன். ஓரத்து மெஷினுக்குப் பக்கத்து ஸ்டூலை டீனா துடைத்துப் போட்டாள்.

திருமலைசாமி உட்கார்ந்தார். மெஷின் மேல் கையை வைக்கத் தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார். ஆரோக்கியதாஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தக் கையை எடுத்து மெஷின் மேல் வைத்தார்.

"சுண்டு விரல் இங்கிருக்கட்டுங்கண்ணா. ய."