எட்டாம் நம்பர் கால்

நனைந்த தோல் சூடேறும்போது எழும் வாடை இருக்கிறதே, மிருகமும் பசையும் கலந்த அந்த நெடி, அதை மூக்கு ஒருமுறை பழகிவிட்டால் ஏழு கடல் தாண்டினாலும் விடாது. லீட்ஸ் நகரில் நான் தங்கிப் படிக்கும் வீட்டில், பனி கொட்டும் நாட்களில் எல்லோரும் ஈரமான பூட்ஸைக் கழற்றி, சுவரோரம் வெந்நீர் ஓடும் ஹீட்டரின் மேல் கவிழ்த்து வைத்துவிடுகிறார்கள். பக்கத்து அறை டாம், எந்தக் கால்சட்டைக்கு எந்தக் காலுறை, எந்தக் கோட்டுக்கு எந்தப் பொத்தான் என்று மணிக்கணக்காகப் பேசக்கூடியவன், அந்த வாடையை நெஞ்சு நிறைய இழுத்துவிட்டு, "ஆண்களுக்கென்று ஒரு வாசனை உண்டென்றால் இதுதான்" என்பான். எனக்குக் குமட்டும். ஆம்பூர்ப் பக்கத்துக்காரன் என்று தெரிந்ததிலிருந்து, இப்படிப்பட்ட பூட்ஸ் தைக்கிற ஊரில் பிறந்த நான் எவ்வளவு கொடுத்துவைத்தவன் என்று வேறு சொல்லிக்கொண்டிருக்கிறான். பிறகு போய், பெரிய வயலின் போலிருக்கும் தன் செல்லோவை எடுத்து, குளிர்காலத்துக்கு ஏற்றது என்று ஒரு மெதுவான ராகத்தை இழுப்பான். கொடுத்துவைத்த கதையை அவனுக்குச் சொல்ல எனக்குப் பொறுமையில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்.

மாதனூரை ஒட்டிய கிராமம் எங்களுடையது. விடிந்தால் ஷூ கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்து பெண்களை அள்ளிக்கொண்டு போகும். அதில் ஒன்றில் அம்மா தையல் பிரிவுக்குப் போவாள். நைனாவும் அதே கம்பெனிதான் என்றாலும் அவர் தைக்கவுமில்லை, வெட்டவுமில்லை. அவருடைய வேலை நடப்பது. வெளிநாட்டுக்கு அனுப்பும் ஆண்கள் ஷூவுக்கு முதலில் மாதிரி ஜோடி ஒன்று தைப்பார்கள். அது எப்போதும் எட்டாம் நம்பரில்தான் இருக்கும். அதை ஓர் ஆள் போட்டு நடந்து பார்த்து, எங்கே கடிக்கிறது, எங்கே மடிகிறது என்று சொல்ல வேண்டும். நைனாவின் கால் நூல் பிடித்தது போல எட்டாம் நம்பர். லோடு ஏற்றப் போன மனிதரின் காலை யாரோ தற்செயலாகப் பார்க்க, அவர் கம்பெனியின் "ட்ரையல் கால்" ஆகிவிட்டார்.

பனி நாட்டுக்கான பூட்ஸை எங்கள் ஊரில் எப்போது தைப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? அங்கே டிசம்பரில் விற்க வேண்டுமென்றால் மாதிரி இங்கே அக்னி நட்சத்திரத்தில் தயாராகும். வேலூர் ஜில்லா வெயில் மண்டையைப் பிளக்கிற அந்த நாட்களில், இடுப்பில் குடியாத்தம் லுங்கி, காலில் முட்டிக்குக் கீழ்வரை உள்ளே ரோமம் வைத்த பூட்ஸ், அதற்குள் கம்பளிக் காலுறை, இந்தக் கோலத்தில் எங்கள் தெருவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பார் நைனா. "இன்னாபா, சைனா பார்டருக்கா?" என்று கேட்பார்கள். அவர் சிரிக்கக்கூட மாட்டார். நடை சீராக இருக்க வேண்டுமென்று வாசலில் ரேடியோவை அலறவிட்டு, பாட்டின் தாளத்துக்கு அடியெடுத்து வைப்பார். பாட்டு முடிந்தால் நிற்பார், அடுத்தது தொடங்கினால் நடப்பார். அந்தக் காலத்து எஃப்.எம். பாட்டு எதையாவது இப்போது கேட்டால் மற்றவர்களுக்குப் பள்ளிக்கூடம், முதல் காதல் என்றெல்லாம் ஞாபகம் வருகிறதாம். எனக்குக் கால்விரல்கள் மடங்கிக்கொள்கின்றன.

மார்கழி, தை மாதங்களில் வெளிநாட்டுக்காரர்கள் வருவார்கள். அந்த நாட்களின் கதையை நைனா ஆயிரம் முறை சொல்லியிருப்பார், ஒவ்வொரு முறையும் முதல் முறை போலவே. அவரை ஒரு மேஜைமேல் ஏற்றி நிற்கவைப்பார்கள். வெள்ளைக்காரர் குனிந்து, சில நேரம் முட்டி போட்டே, அவர் போட்டிருக்கும் ஷூவின் முனையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். "எங்கப்பன் செருப்ப கைல புடிச்சிக்கினு நடந்த ஊரு இது. எங்காலுகிட்ட ஒர்த்தன் முட்டி போட்டான்டா, கோட்டு சூட்டு போட்டவன்." மேல்தெருவில் காலில் செருப்போடு போகக்கூடாது என்று இருந்த காலத்தில் வாழ்ந்த தாத்தாவை நான் பார்த்ததில்லை. ஆனால் அந்த வாக்கியத்தைச் சொல்லும்போது நைனாவின் குரல் இறங்குவதைக் கேட்டிருக்கிறேன். அவருடைய நியாயம் எனக்கு விளங்காமல் இல்லை. விளங்கிவிட்டால் வலி குறையும் என்று யாரோ சொன்னார்கள், அது சுத்தப் பொய்.

ஏனென்றால், நைனா அந்தக் காலை எனக்குச் சொத்தாக எழுதிவைக்க முடிவு செய்தார். சர்க்கரை வியாதி வந்து அவருடைய பாதம் மெல்ல அகலத் தொடங்கியிருந்தது. ஒருநாள் எட்டாம் நம்பர் நுழையாமல் போகும், அன்றைக்கு அந்த மேஜைமேல் வேறொருவன் ஏறிவிடுவான் என்ற பயம் அவரைப் பிடித்துக்கொண்டது. வீட்டில் நான் ஒரே பிள்ளை. ஆறாம் வகுப்புப் படிக்கும்போது என்னை ஆம்பூருக்கு அழைத்துப்போய், கம்பெனியில் கழித்துக்கட்டிய ஷூக்களைக் குவித்து விற்கும் ரஃபீக் பாயிடம் ஒரு ஜோடி கறுப்பு ஷூ வாங்கினார். எட்டாம் நம்பர். என் கால் அதற்குள் தொலைந்து போயிற்று. "ஜாஸ்தியா கீதே பாய்" என்று நான் அழ, நைனா தன் பழைய பனியனைக் கிழித்து முனையில் திணித்து, "வளர்ந்து வந்து சேர்ந்துக்குவான்" என்றார்.

சேர்ந்துகொண்டேன். எட்டாவது படிக்கும்போது துணி பாதியானது, ஒன்பதாவதில் துணி தேவைப்படவில்லை. அன்றைக்கு நைனா ஷூவின் முனையை, வெள்ளைக்காரர் அழுத்துவது போலவே கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, தெருவுக்கே மிட்டாய் கொடுத்தார். கால் அதோடு நின்றுவிட வேண்டும் என்பதுதான் அவருடைய கணக்கு. கால் யார் கணக்கைக் கேட்கும்?

வெறுங்காலோடு நடந்தால் பாதம் பரந்துவிடும், செருப்பு போட்டாலும் பரந்துவிடும் என்பது நைனாவின் சித்தாந்தம். ஆகவே எழுந்ததிலிருந்து படுக்கும்வரை நான் ஷூவில் இருந்தாக வேண்டும். பாலாற்று மணலில் பையன்கள் வெறுங்காலோடு பந்து போட, நான் தார் ரோட்டுக்குரிய ஷூவோடு மணலில் புதைந்து புதைந்து ஓடி வருவேன். "வழி வுடுங்கடா, கலெக்டர் வர்றாரு" என்பார்கள். கழற்றி ஒளித்துவைத்துவிட்டு ஆடியதை நைனா ஒருமுறை பார்த்துவிட்டார். அந்த ஷூவாலேயே முதுகில் வாங்கினேன். பத்தாவது வரும்போது விரல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் படுத்துக்கொள்ளப் பழகிவிட்டன. சுண்டுவிரல் நகம் கறுத்தது, விழுந்தது, முளைத்தது, மறுபடி விழுந்தது.

அம்மா வேலை முடிந்து வந்து உப்புப் போட்ட வெந்நீரில் என் காலை முக்கி வைத்துக்கொண்டு திட்டுவாள். "கொழந்த காலு இன்னா களிமண்ணா, அச்சுல போட்டு எடுக்க?" நைனா அசைய மாட்டார். "உன் புள்ள மெசின்ல குந்தி முதுகொடிய தைக்கணுமா? நடந்தா சோறு. நடக்கட்டும்." அடுத்த ஜோடி வாங்கப் போனபோது ரஃபீக் பாயே ஒன்பதை எடுத்து நீட்டி, "இன்னா தோஸ்த், பையன் காலு வெளிய வர்றேன்னு கத்துது, உனக்கு கேக்கலயா?" என்றார். நைனா அவரோடு ஒரு வருடம் பேசவில்லை. வேறு கடையில் எட்டு வாங்கினார்.

ப்ளஸ் டூ முடித்த பிறகு வந்த தையில் அந்த நாள் வந்தது. நான் பக்கத்திலேயே ஒரு கல்லூரியில் சேர்ந்திருந்தேன். நைனாவுக்கு அது பொருட்டே இல்லை. தன் பாதம் நுழைய மறுக்கத் தொடங்கிவிட்டது என்று அவரே மேனேஜரிடம் சொல்லி, மகன் கால் தயார் என்று என்னைக் கூட்டிப்போனார். புதுச் சட்டை, எண்ணெய் தடவி வாரிய தலை, பெண் பார்க்கப் போவது போலத்தான். தையல் பிரிவைத் தாண்டிப் போகும்போது, அங்கே எப்போதும் ஓடும் ரேடியோப் பாட்டுச் சத்தத்துக்கு நடுவே அம்மா மெஷினிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தாள், பிறகு குனிந்துகொண்டாள். மேஜைமேல் ஏறினேன். வெளிநாட்டுக்காரர் நரைத்த தாடியுள்ளவர். பாதம் அளக்கும் பலகையை வைத்தார். விரல் நுனியில் முட்டும் கட்டை எட்டில் வந்து நின்றது. நைனா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், கண் கலங்கியிருந்தது. அப்போது அந்தத் தாடிக்காரர் கையால் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, நீட்டி, பலகையோடு அழுத்தினார். கட்டை நகர்ந்தது. ஒன்பதைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. எனக்கு உயிர் போகிற வலி. அவர் என்னிடம் ஏதோ மன்னிப்புப் போலச் சொல்லிவிட்டு மேனேஜரிடம் நீளமாகப் பேசினார்.

"சின்ன ஷூ போட்டுப் போட்டு பையன் காலை கெடுத்துட்டாங்கன்றாருபா" என்றார் மேனேஜர்.

"கெடுக்கல சார்" என்றார் நைனா. "காப்பாத்தி வெச்சிருக்கேன்."

அந்த வாக்கியத்தை நான் மன்னிக்கவில்லை. அடித்ததைக்கூட மறந்துவிடலாம். அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியெல்லாம், நான் விரலைச் சரியாக மடக்கிக்கொள்ளவில்லை, அதனால்தான் இடம் போயிற்று என்று திட்டிக்கொண்டே வந்தார். அடுத்த வருடம் கம்பெனிக்கு ஓர் இரும்புக் கால் வந்தது. சுவிட்சைப் போட்டால் ராப்பகலாக ஷூவை மடக்கி மடக்கி நிமிர்த்தும். வியர்க்காது, பாட்டும் கேட்காது. நைனாவை கேட்டில் வாட்ச்மேனாக உட்காரவைத்தார்கள். என் நகம் போனது யாருக்காக என்று நான் யோசிக்கத் தொடங்கியது அப்போதுதான். தோலோடு ஒட்டே வேண்டாமென்று மேல்படிப்புக்குக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பை எடுத்தேன். அதுவும் பாலாற்றில் தோல் கழுவிய தண்ணீரில்தான் கொண்டுபோய் விடும் என்பது பிறகுதான் உறைத்தது.

இங்கிலாந்துக்குக் கிளம்பிய அன்று நைனா செய்தித்தாளில் சுற்றி ஒரு ஜோடி பூட்ஸ் கொடுத்தார், உள்ளே ரோமம் வைத்தது, அவர் கடைசியாக நடந்து பார்த்த ஜோடி. விமான நிலையத்தில் அத்தனை பேர் முன்னால் தகராறு செய்ய விரும்பாமல் போட்டுக்கொண்டேன். வானத்தில் கழற்றினேன். இறங்கும்போது பாதம் வீங்கி நுழையவே இல்லை. ஜனவரி மாதக் குளிரில், மான்செஸ்டர் விமான நிலையத்தின் வழவழத்த தரையில் காலுறையோடு, பூட்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன். தாத்தாவின் நடை. அவரை அப்படி நடக்கவைத்தவர்கள் மேல்தெருக்காரர்கள், என்னை நடக்கவைத்தது என் வீடு.

போன வாரம் டாம் என் நொண்டலைப் பார்த்துப் பொறுக்கமுடியாமல் என்னை ஒரு ஷூ கடைக்கு இழுத்துப்போனான். கடைக்காரப் பெண்மணி முட்டி போட்டு அமர்ந்து, என் காலைத் தன் கையில் எடுத்தாள். விரல்களைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. மெதுவாக நீட்டி அளந்துவிட்டு, "பத்து" என்றாள். டாம் கைதட்டினான். எனக்குக் கோபம் வந்தது. அழுதுவிடுவேனோ என்று பயந்து விலைகூடக் கேட்காமல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

எங்கள் தெருவில் இப்போது லுங்கியோடு பூட்ஸ் போட்டு யாரும் நடப்பதில்லை. ரஃபீக் பாயின் குவியல் இருந்த இடத்தில் செல்போன் கடை. பாலாற்று மணலை லாரிகள் கொண்டுபோய்விட்டன, வெறுங்காலோடு ஓட நினைத்தாலும் இனி முள்தான். என் சுண்டுவிரல் நகம் கடைசியாக விழுந்த பிறகு முளைக்கவில்லை. போனவற்றில் அது ஒன்றுக்குத்தான் நான் வருத்தப்படுகிறேன்.

நேற்று நைனா போன் செய்தார். கேட்டில் உட்கார்ந்தபடிதான் பேசினார், பின்னால் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது.

"புது ஷூ வாங்கினியாமே, அம்மா சொன்னா. எட்டு தான?"

"பத்து" என்றேன். இத்தனை வருடமாக அந்த ஒரு சொல்லை அவர் காதில் போடக் காத்திருந்தவன் போலச் சொன்னேன்.

 

"வெரலு மடிஞ்சி தான கெடக்கும்" என்றார். "முன்னாடி லூசா இருக்கும், குளிர் ஏறும். பனியன் துணி வெச்சிக்கோ."

எனக்குத் தெரியும் என்று சொல்லிப் போனை வெட்டினேன். வாங்கி வந்த அன்றே துணியை வைத்துவிட்டிருந்தேன்.