இரண்டு மாதத் தேதி

செக்காலையில் இருக்கும் என் மருந்துக்கடைக்கு அந்த நர்ஸ் வந்தது மூன்று தடவைதான். தேவகோட்டைக்காரர். சூடானில், சண்டை நடக்கும் பகுதியில், ஒரு மருத்துவக் குழுவில் வேலை, லீவில் வந்திருந்தார். நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருப்பார். நாலே மாத்திரை வாங்கினாலும், நான் அட்டையை வெட்டித் தந்ததும் காலாவதித் தேதியைக் கேட்டு அதன் பின்னால் பேனாவால் எழுதிக்கொள்வார். எனக்கு எரிச்சலாக இருக்கும்.

அவர் கிளம்பும் வாரம், அங்குள்ள ஜனங்களுக்கென்று ஒரு பெட்டி நிறைய மருந்து கொடுத்தேன். நின்றபடியே ஒவ்வொன்றாகத் தேதி பார்த்தார். எல்லாமே இரண்டு மாதத்தில் காலாவதியாகிறவை.

"செக்கிங்கெல்லாம் முடிஞ்சு போய்ச் சேரவே ரெண்டு மாசம் ஆயிரும்ணே."

"ஒண்ணுமே இல்லாத எடத்துக்கு இது பரவாயில்லைல்ல? ஏன் யோசிக்கிறீக?"

"புள்ளைக எடுத்துத் தின்னுரக் கூடாதுன்னு குழி வெட்டிப் புதைக்கணும்ணே. அங்குட்டுக் குழி வெட்டுறவுகளுக்கு ஏற்கெனவே வேலை அதிகம்."

கோபமே இல்லாமல் சொன்னார். பெட்டியை மூடி என் பக்கம் மெதுவாக நகர்த்தினார்.

ஏஜென்சிக்காரர் திருப்பி எடுக்க மறுத்த சரக்கு அது. எனக்குப் பின்னால் அலமாரியில், இரண்டு வருடத் தேதியோடு வயிற்றுப்போக்குக்குக் கரைத்துக் கொடுக்கும் புது ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டுகள் அடுக்கியிருந்தன. அவர் பார்வை ஒரு தடவை அங்கே போய் வந்தது.

திரும்பிக் கையை நீட்டியிருந்தால் எடுத்துக் கொடுத்திருக்கலாம். அவர் படியிறங்கும்வரை நான் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.