“நான் ஒண்ணும் மாத்தல” என்று சொன்ன காலை

இரண்டு வருடங்களுக்கு முன்பு, தேக்காவில் தீபாவளி விளக்குகளைக் கழற்றிய வாரம். சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்தில் இருக்கும் என் போட்டோ ஸ்டூடியோவில், ஒரு திங்கட்கிழமை காலை நடந்தது இது.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. ஸ்டூடியோவைக் கூட்டிப் பெருக்கும் வேலையில் சேர்ந்து, இருட்டறையில் படம் கழுவக் கற்று, சொந்தக் கடை போட்டவன். பிலிம் போய் டிஜிட்டல் வந்தபோது படித்தவர்களே கடையை மூடிவிட்டுப் போனார்கள். நான் கணினி கற்றுக்கொண்டேன். இந்த வட்டாரத்தில் எத்தனையோ வீடுகளில் மாலையோடு சுவரில் இருப்பது நான் எடுத்த படம்தான். பெருமைக்குச் சொல்லவில்லை என்றால் அது பொய்.

படங்களை எல்லாம் ஒரு தனி டிஸ்க்கில் வைத்திருந்தேன். கணினியைப் போட்டதும் அது தானாக இணைந்துகொள்ளும்படி, பக்கத்துத் தெருவில் கணினி பழுது பார்ப்பவர் அமைத்துக் கொடுத்திருந்தார். அந்த டிஸ்க் கரகரவென்று சத்தம் போட ஆரம்பித்தது. அவரைக் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் அவர் வேலை செய்ததைப் பின்னால் நின்று பார்த்தவன் நான், எனக்குத் தெரியாதா? ஞாயிறு மாலை அதே மாதிரி புது டிஸ்க் ஒன்று வாங்கிப் படங்களை அதற்கு மாற்றினேன். எந்த டிஸ்க்குகள் தானாக இணைய வேண்டும் என்று வரிவரியாக எழுதியிருக்கும் கோப்பைத் திறந்து, புதிதாக ஒரு வரி சேர்த்தேன். கணினியை அணைத்துவிட்டுப் பழைய டிஸ்க்கைக் கழற்றி இழுப்பறையில் போட்டேன். கணினியைத் திரும்பப் போட்டுப் பார்க்கவில்லை. அதற்குள் பக்கத்துப் பூக்கடைக்காரரிடம் போய், “யாரையும் கூப்பிடல, நானே செஞ்சிட்டேன் லா” என்று சொல்லியாகிவிட்டது.

மறுநாள் நான் கதவைத் திறக்கும்போதே ஒரு பெண் காத்திருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. கையில் என் கடை ரசீது.

“அங்கிள், அம்மா தவறிட்டாங்க. அவங்க ஹேண்ட்பேக்ல இது இருந்துச்சு. போட்டோ எடுத்தாங்களா? எங்க யார்கிட்டயும் சொல்லவே இல்ல.”

எனக்கு உடனே ஞாபகம் வந்தது. மூன்று மாதத்துக்கு முன் நீலப் பட்டுப்புடவை கட்டித் தனியாக வந்த அம்மா. “நல்லா எடுங்கண்ணே. என் பிள்ளைங்ககிட்ட நான் ஒழுங்கா நிக்கிற படம் ஒண்ணுகூட கிடையாது. பெரிய படம் இப்ப வேணாம், வேணும்கிறப்ப வந்து வாங்கிப்பாங்க” என்று சொல்லிச் சிரித்தார். நோயை அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஒரு மணிக்குக் குவீன்ஸ்டவுனில் அவர்களுடைய அடுக்குமாடிப் புளோக்கின் கீழிருந்து சவ வண்டி மண்டாய் தகனச்சாலைக்குக் கிளம்புகிறது. அம்மா படத்தை ஏந்திக்கொண்டு தான்தான் முன்னால் நடக்க வேண்டும் என்றார் மகள். “ஒரு மணி நேரம் போதும்மா” என்று கணினியைப் போட்டேன். திரையில் சின்னம் வந்து அப்படியே நின்றது. பிறகு கறுப்புத் திரையில் ஆங்கில வரிகள். அணைத்துப் போட்டேன். மறுபடி அதே வரிகள்.

வேறு வழியில்லாமல் பழுது பார்ப்பவரைக் கூப்பிட்டேன். வரும்போதே சிரித்தார். “என்னண்ணே, நானே செஞ்சிட்டேன்னு தெருவுக்கே சொன்னீங்களாம், இப்ப என்னைய கூப்பிடுறீங்க?”

“அது வேற வேலை” என்றேன்.

திரையைப் பார்த்துவிட்டு அவர் சிரிப்பை நிறுத்தினார். “டிஸ்க் செத்தாலும் இப்படித்தான் வரும், கேபிள் போனாலும் இப்படித்தான் வரும், செட்டிங்க மாத்துனாலும் இப்படித்தான் வரும். கடைசியா ஏதாச்சும் மாத்துனீங்களா?”

அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“நான் ஒண்ணும் மாத்தல” என்றேன்.

மனிதர் என்னை நம்பினார். கணினிப் பெட்டியைத் திறந்து கேபிளை மாற்றினார், ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். டிஸ்க்கைத் தன் மடிக்கணினியில் போட்டுப் பார்த்தார். அந்த மடிக்கணினி வேறு ரகம், அதில் டிஸ்க் திறக்கவில்லை. பத்தரை மணிக்குச் சடங்குக்கு நேரமாகிவிட்டதென்று அந்தப் பெண் கிளம்பினார். “எப்படியாச்சும் கொண்டு வந்துடுங்க அங்கிள்.” போன பிறகு இரண்டு முறை போன் செய்தார். “இதோ ஆச்சும்மா” என்று இரண்டு முறையும் சொன்னேன். சொல்லும்போதெல்லாம் உண்மை வாய்வரை வந்தது. இவ்வளவு நேரம் மறைத்ததை இனி எப்படிச் சொல்வது என்பதே இன்னொரு பூட்டாகிவிட்டது.

மூன்றாவது அழைப்பு பன்னிரண்டேகாலுக்கு வந்தது. “அங்கிள், அம்மா பெட்டிய மூடப் போறாங்க.” பின்னால் தேவாரம் கேட்டது.

போனை வைத்தேன். இழுப்பறையைத் திறந்து பழைய டிஸ்க்கை எடுத்துப் பழுது பார்ப்பவர் முன்னால் வைத்தேன். நேற்று செய்ததை எல்லாம் சொன்னேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. “புதுசுக்கு லைன் போட்டீங்க, பழைய லைன எடுக்கலண்ணே. இல்லாத டிஸ்க்க தேடிக்கிட்டு அது ஸ்டார்ட்டே ஆக மாட்டேங்குது.” அந்தக் கோப்பைத் திறந்து, பழைய வரி வேலை செய்யாதபடி அதற்கு முன்னால் ஒரே ஒரு குறி போட்டார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கணினி எழுந்தது, படங்களும் வந்தன. நீலப் புடவையில் அந்த அம்மா சிரித்தார்.

அச்செடுத்துச் சட்டம் போட்டு டாக்சி பிடித்துப் போய் இறங்கியபோது மணி ஒன்று நாற்பது. புளோக்கின் கீழே நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். தரையில் பூ சிதறிக் கிடந்தது. வண்டி போய் அரை மணி நேரமாகிவிட்டது. ஒரு கல்யாணக் கூட்டத்துப் படத்திலிருந்து வெட்டி எடுத்த மங்கலான முகத்தை ஏந்திக்கொண்டுதான் மகள் நடந்தாராம். முகத்தின் ஓரத்தில் வேறு யாருடைய தோளோ தெரிந்ததாம்.

அவர்கள் திரும்பி வரும்வரை அங்கேயே நின்றேன். படத்தைக் கொடுத்தேன். தலைமுழுகி வந்த ஈரத் தலையோடு மகள் அதை வெகுநேரம் பார்த்தார். “அம்மா இப்படிச் சிரிப்பாங்கன்னே மறந்துட்டேன்” என்றார். சும்மா வந்திருக்கலாம். முடியவில்லை. நடந்ததைச் சொல்லிவிட்டேன்.

“காலைலயே சொல்லியிருந்தா, அம்மாவுக்கு முன்னாடி இத வச்சிருப்பேன்ல அங்கிள்?” என்று மட்டும் கேட்டார். கோபமே இல்லாமல் கேட்டார்.

எத்தனையோ பேருடைய முகத்தைச் சாகாமல் காப்பாற்றியவன் நான். ஆனால், கடைசி வழிக்கென்று தன் முகத்தைத் தானே வந்து என்னிடம் ஒப்படைத்த ஒருத்தியை, தெரியாமல் செய்த தவறால் அல்ல, அதை ஒத்துக்கொள்ளாத ஒரே சொல்லால் முகமில்லாமல் வழியனுப்பிவிட்டேன் என்பது இன்றும் ஆறவில்லை.