அண்ணா மூடிய வரி

அண்ணா போன பிறகு மூன்று மாதமாக ஒரே கேள்விதான் என்னை அரித்துக்கொண்டிருந்தது. நெஞ்சுக்குள் என்ன நடக்கிறது என்று அவனுக்குத் தெரிந்திருந்ததா? அவன் போன அன்று காலை முகம் வெளிறிக் கிடந்ததைப் பார்த்து என்னவென்று கேட்டேன். "ஒண்ணும் இல்லைடீ, வாயுவாக்கும்" என்றான். மட்டாஞ்சேரி படகுத்துறைக்குப் போகிற வழியிலேயே சாய்ந்துவிட்டான். நானும் நம்பித் தொலைத்தேன்.

அலுவலகம் அவனுக்குக் கொடுத்திருந்த லேப்டாப்பைத் திரும்ப வாங்கிக்கொள்ள, மூன்று மாதம் கழித்து இப்போதுதான் ஆள் வருவதாக இருந்தது. சொந்த விஷயம் ஏதாவது இருந்தால் எடுத்துவைக்கும்படி மன்னி என்னிடம் சொன்னாள். அண்ணா அதை அணைக்கவே மாட்டான், மூடியை மட்டும் சாத்துவான். மூன்று மாதமாகச் சார்ஜரில் கிடந்ததைத் திறந்ததும், சாயா குடிக்க எழுந்துபோனவனுடைய மேஜைபோல எல்லாம் அப்படியே இருந்தது.

மௌஸைத் தொடுவது அவனுக்குப் பாவம். பிரௌசரில் திறந்திருக்கும் பக்கங்களையெல்லாம் ஒரு டெக்ஸ்ட் எடிட்டரில் வரிவரியாகப் பட்டியல் போட்டு வைத்திருப்பான். d-யை இரண்டு முறை தட்டினால் வரி அழியும், அந்தப் பக்கமும் மூடிக்கொள்ளும். u தட்டினால் கடைசியாக அழித்த வரியும் பக்கமும் திரும்பி வரும், மறுபடி தட்டினால் அதற்கு முன் அழித்ததும் வரும். எழுத வேண்டுமானால் முதலில் i தட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு எழுத்தும் கட்டளைதான். எழுதுவதற்குக்கூட அனுமதி கேட்க வேண்டுமா என்று எத்தனையோ முறை கிண்டல் செய்திருக்கிறேன்.

கப்பைக்குழம்பு செய்முறை, படகு நேரம், மன்னிக்கு ஒரு புடவை என்று பட்டியலில் வரிகள் இருந்தன. பார்த்தவற்றுக்குப் பக்கத்தில் குறிப்பு எழுதப் போனேன். i தட்ட மறந்துபோனேன். மூன்று வரிகள் மளமளவென்று காணாமல் போயின. புடவையும் போய்விட்டது.

பதறிப்போய் u-வைத் தட்டினேன். ஒன்று, இரண்டு, மூன்று. எல்லாம் வந்துவிட்டன. கை நிற்கவில்லை, நான்காவது முறையும் தட்டிவிட்டது.

நான் அழிக்காத ஒரு வரி வந்து நின்றது. பின்னாலேயே பக்கமும் திறந்தது. இடது கை வலி, நெஞ்சு அடைப்பு, உடனே என்ன செய்ய வேண்டும். கடைசியாக அவன் மூடியது அதைத்தான். அவனுக்குத் தெரிந்திருந்தது. கோபத்தில் எனக்கு அழுகைகூட வரவில்லை.

மன்னி சாயாவோடு உள்ளே வந்தாள். "எதாவது இருக்கா?"

d-யை இரண்டு முறை தட்டினேன்.

"ஒண்ணும் இல்லை, மன்னி" என்றேன்.